இருபத்து நான்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

(தேசிய கணித நாளையொட்டி மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் 1729ஐப் பற்றிப் பேசுவது வழக்கம். அந்த எண்ணின் பெருமை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தால் வேறோர் எண் கட்டுரைக்குக் கட்டுரை வந்து நிற்கிறது. அது 24. நாம் அன்றாடம் புழங்குகிற எண் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். 24க்குச் சின்னதாக ஒரு பண்பு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை நிரூபித்துவிடலாம். அதைக் கைவிடாமல் பின்தொடர்ந்தால் ராமானுஜனைக் கடந்து, 2022இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஓர் ஆய்வின் வாசல் வரைக்கும் போகலாம். எண்களைப் பார்த்து வியந்து நிற்பது ஒரு வகை. ஏன் என்று கேட்டு, விடை கிடைக்கும்வரை விடாமல் இருப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையே கணிதம். அதை 24ஐக் கொண்டு உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

பங்கு போட உகந்த எண்

முதலில் நமக்குப் பழக்கமான இடத்திலிருந்து புறப்படுவோம். நகைக்கடையில் 916 தங்கம் என்று கேட்டு வாங்குகிறோம். அந்த 916 எங்கிருந்து வந்தது? சுத்தத் தங்கம் 24 காரட். நகை செய்யும் தங்கம் 22 காரட். அதாவது 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு வேறு உலோகம். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.9166 என்று போகிறது. ஆயிரத்தில் 916 பங்கு. அவ்வளவுதான்.

காலக்கணக்கிலும் இதே எண் வருகிறது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம், ஒரு மணிக்கு 60 நிமிடம். நம் முன்னோர் வைத்திருந்த கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு கணக்கிலும் அதே 24, அதே 60. இடம் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஒரே 1440 நிமிடம்.

பங்கு போடுகிற காரியத்துக்கு மனிதர்கள் 24ஐ ஏன் விரும்பினார்கள்? அதன் காரணிகளை எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. மொத்தம் எட்டு. 24க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையாது. பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, அரைக்கால் என்று எப்படிப் பிரித்தாலும் மிச்சமில்லாமல் பிரியும்.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அது வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது அந்த ஆய்வுக்காகத்தான். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகிற அந்த வரிசையில் நம் 24ம் இருக்கிறது, நாழிகைக் கணக்கின் 60ம் இருக்கிறது.

ஆனால் இதை மட்டும் வைத்து 24 தனிச்சிறப்பு உடையது என்று சொல்லிவிட முடியாது. இந்த வரிசையில் எத்தனையோ எண்கள் உண்டு. 24ஐத் தனித்துக் காட்டும் பண்பு வேறு.

சின்னப் பண்பு

பகா எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3 இரண்டையும் விட்டுவிட்டு 5இலிருந்து தொடங்குவோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, அதிலிருந்து 1ஐக் கழியுங்கள்.

5இன் வர்க்கம் 25. ஒன்று போனால் 24.
7இன் வர்க்கம் 49. ஒன்று போனால் 48.
11இன் வர்க்கம் 121. ஒன்று போனால் 120.
13இன் வர்க்கம் 169. ஒன்று போனால் 168.
17இன் வர்க்கம் 289. ஒன்று போனால் 288.

24, 48, 120, 168, 288. எல்லாமே 24ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. எவ்வளவு பெரிய பகா எண்ணை எடுத்தாலும் இது மாறாது.

ஐந்து உதாரணம் பார்த்துவிட்டோம், இது எப்போதும் உண்மைதான் என்று எழுந்து போய்விடக் கூடாது. ஏன் என்று கேட்க வேண்டும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது, அந்த எண்ணுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கினால் கிடைப்பதுதான். 7இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தால் 6 பெருக்கல் 8. நாம் எடுத்தது ஒற்றைப்படை எண்; ஆகவே அதன் இருபுறமும் இருப்பவை அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள். அடுத்தடுத்த இரண்டு இரட்டைப்படை எண்களில் ஒன்று கட்டாயம் 4ஆல் வகுபடும். மற்றது 2ஆல் வகுபடும். பெருக்கினால் 8ஆல் வகுபடும். அடுத்து, தொடர்ச்சியாக மூன்று எண்கள் இருந்தால் அவற்றில் ஒன்று 3ஆல் வகுபட்டே தீரும். நடுவில் இருக்கும் நம் எண் 3ஆல் வகுபடாது. ஆகவே இருபுறத்து எண்களில் ஒன்று வகுபடும். 8ஆலும் வகுபடும், 3ஆலும் வகுபடும் என்றால் 24ஆல் வகுபடும். நிரூபணம் முடிந்தது.

இந்த நிரூபணத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எண் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்பதை எங்கேயாவது பயன்படுத்தினோமா? இல்லை. 2ஆலும் 3ஆலும் வகுபடக் கூடாது, அது போதும். 25 பகா எண் அல்ல. அதன் வர்க்கம் 625. ஒன்று போனால் 624. அது 24இன் 26 மடங்கு. உதாரணங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்காது. நிரூபணம் உண்மையை உறுதி செய்வதோடு நிற்பதில்லை. உண்மையின் சரியான எல்லை எது என்றும் காட்டுகிறது.

ஆக, பண்பைத் திருத்தமாகச் சொல்வோம்: 24உடன் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணின் வர்க்கத்தையும் 24ஆல் வகுத்தால் மீதி 1.

வேறு எண்களுக்கு இந்தப் பண்பு உண்டா? 30ஐ எடுத்துப் பாருங்கள். 7க்கும் 30க்கும் பொதுக் காரணி இல்லை. 49ஐ 30ஆல் வகுத்தால் மீதி 19. சரிப்படவில்லை. 48ஐ எடுங்கள். 5இன் வர்க்கம் 25, மீதியே 25தான். அதுவும் சரிப்படவில்லை. இந்தப் பண்பு உள்ள எண் 5ஆல் வகுபடாதது என்றால், 5இன் வர்க்கமான 25ஐ வகுத்து மீதி 1 தர வேண்டும். அதாவது அந்த எண் 24ஐ வகுக்க வேண்டும். 5ஆல் வகுபடுவது என்றால் என்ன ஆகும்? அதனுடன் பொதுக் காரணி இல்லாததாகவும், 5ஆல் வகுத்தால் மீதி 2 தருவதாகவும் ஓர் எண்ணை எப்போதும் தேடி எடுத்துவிடலாம். அதன் வர்க்கம் 5ஆல் வகுக்கும்போது மீதி 4 தரும், 1 வராது. ஆகவே இந்தப் பண்பு 24க்கும் அதன் காரணிகளுக்கும் மட்டுமே உண்டு. அவற்றில் மிகப் பெரியது 24. இந்தப் பண்பு 24ஓடு முடிகிறது.

கூட்டினாலும் 24

இதிலிருந்து உடனே ஒரு பலன் கிடைக்கிறது. 24இன் மடங்குக்கு ஒன்று குறைவான எண்களைப் பாருங்கள்: 95, 119, 143. இவற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடி தேவைப்படும்.

95 என்பது 5 பெருக்கல் 19. கூட்டினால் 24.
119 என்பது 7 பெருக்கல் 17. கூட்டினால் 24.
143 என்பது 11 பெருக்கல் 13. கூட்டினால் 24.

இரண்டு எண்களைப் பெருக்கி, 24இன் மடங்குக்கு ஒன்று குறைவாக வந்தால், அவற்றின் கூடுதல் 24இன் மடங்காகத்தான் இருக்கும். ஏன்? அந்தப் பெருக்கற்பலனை மறுபடியும் முதல் எண்ணால் பெருக்குங்கள். முதல் எண் இருமுறை பெருக்கப்பட்டு வர்க்கம் ஆகிறது. வர்க்கம் தரும் மீதி 1. ஆகவே மிஞ்சுவது இரண்டாம் எண். இன்னொரு பக்கம், 24இன் மடங்குக்கு ஒன்று குறைவானதை முதல் எண்ணால் பெருக்கினால், 24இன் மடங்குக்கு முதல் எண் அளவு குறையும். இரண்டும் ஒன்றுதான். எனவே இரண்டாம் எண்ணோடு முதல் எண்ணைக் கூட்டினால் 24இன் மடங்கு நிறைகிறது. இத்தகைய எண்ணின் காரணிகளையெல்லாம் சோடி சோடியாகக் கூட்டினால் மொத்தமும் 24ஆல் வகுபடும்.

எண்ணைப் பிரிக்கும் வழிகள்

இப்போது கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜுக்குப் போன ராமானுஜனிடம் வருவோம். ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூடுதலாக எத்தனை வழிகளில் எழுதலாம்? 4ஐ எடுத்தால்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழி. இவற்றைப் பிரிவினைகள் என்கிறோம். 5க்கு ஏழு பிரிவினைகள். 6க்குப் பதினொன்று. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 200க்கு எத்தனை தெரியுமா? 39,72,99,90,29,388. ஏறத்தாழ 3 லட்சத்து 97 ஆயிரம் கோடி.

இதைக் கணக்கிட ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் ஒரு வழி கண்டார். ‘க’ என்று ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு (1 − க), (1 − க²), (1 − க³) என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கான உறுப்புகள் வந்து குவியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பெரும்பாலானவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்து, மிஞ்சியவை மிகச் சில:

1 − க − க² + க⁵ + க⁷ − க¹² − க¹⁵ + …

மிஞ்சிய அடுக்குகள் 0, 1, 2, 5, 7, 12, 15. இது என்ன வரிசை? ஒவ்வொன்றையும் 24ஆல் பெருக்கி 1ஐக் கூட்டுங்கள். 0 தருவது 1. 1 தருவது 25. 2 தருவது 49. 5 தருவது 121. 7 தருவது 169. 12 தருவது 289. 15 தருவது 361. இவை 1, 5, 7, 11, 13, 17, 19 ஆகியவற்றின் வர்க்கங்கள்! சற்று முன் பார்த்த அதே பட்டியல். 2ஆலும் 3ஆலும் வகுபடாத எண்களை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, 24ஆல் வகுத்தால் வருபவைதான் ஆய்லரின் அடுக்குகள். எட்டாம் வகுப்புப் பண்பு இங்கே பிரிவினைகளின் அடித்தளமாக நிற்கிறது.

இந்த அடுக்குகளைக் கொண்டு பிரிவினைகளை எளிதாக எண்ணலாம். 6இன் பிரிவினைகள் வேண்டுமா? ஒன்று பின்னால் போய் 5க்கு உரிய 7ஐயும், இரண்டு பின்னால் போய் 4க்கு உரிய 5ஐயும் கூட்டுங்கள். ஐந்து பின்னால் போய் 1க்கு உரிய 1ஐக் கழியுங்கள். 7 + 5 − 1 = 11. இந்த முறையில் மேஜர் மக்மேஹன் என்ற கணிதர் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரித்தார்.

அந்த அட்டவணையை ராமானுஜன் பார்த்தார். 4இலிருந்து தொடங்கி ஐந்தைந்தாகப் போனால், அதாவது 4, 9, 14, 19 என்று போனால், பிரிவினைகளின் எண்ணிக்கை 5, 30, 135, 490. எல்லாம் 5ஆல் வகுபடுகின்றன. 5இலிருந்து ஏழேழாகப் போனால் எல்லாம் 7ஆல் வகுபடுகின்றன: 5க்கு 7, 12க்கு 77. 6இலிருந்து பதினொன்று பதினொன்றாகப் போனால் எல்லாம் 11ஆல் வகுபடுகின்றன: 6க்கு 11, 17க்கு 297. பிரிவினை என்பது கூட்டல் சம்பந்தப்பட்ட சமாசாரம். அதில் வகுபடுதலுக்கு என்ன வேலை? 1919இல் அவர் இதை வெளியிட்டபோது கணித உலகம் அசந்துபோனது.

நாம் இங்கேயும் ஏன் என்று கேட்போம். 5க்கு 4, 7க்கு 5, 11க்கு 6. இந்தத் தொடக்க எண்கள் எங்கிருந்து வந்தன? 24ஐக் கொண்டு பெருக்கி ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 4 தருவது 95, 5ஆல் வகுபடும். 5 தருவது 119, 7ஆல் வகுபடும். 6 தருவது 143, 11ஆல் வகுபடும். ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அதே மூன்று எண்கள்! ஓர் எண்ணை 24ஆல் பெருக்கி ஒன்று கழித்தால் 5ஆல் வகுபடுமானால், அந்த எண்ணின் பிரிவினைகளும் 5ஆல் வகுபடும். 7க்கும் 11க்கும் அதே விதி. ராமானுஜன் கண்ட மூன்று உண்மைகளும் 24ஐக் கொண்டு சொன்னால் ஒரே வாக்கியம் ஆகிவிடுகின்றன.

அப்படியானால் 13க்கும் வருமா? 24ஆல் பெருக்கி ஒன்று கழித்தால் 13ஆல் வகுபடும் முதல் எண் மறுபடியும் 6, அதற்குப் பிரிவினை 11, 13ஆல் வகுபடவில்லை. இந்த எளிய வடிவம் 5, 7, 11 என்ற மூன்றுக்கு மட்டுமே உண்டு, வேறெந்தப் பகா எண்ணுக்கும் இல்லை என்று ஆல்கிரென், பாய்லன் இருவரும் 2003இல் நிரூபித்தார்கள். ராமானுஜன் பார்த்த மூன்றுதான் மொத்தமே.

அவரும் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் சேர்ந்து 1918இல் பிரிவினைகளுக்குத் தந்த புகழ்பெற்ற வாய்பாட்டிலும், எண் அப்படியே வராமல், அதிலிருந்து 1/24ஐக் கழித்துத்தான் வருகிறது.

டௌ என்னும் வரிசை

இந்த 1/24 என்கிற பின்னம் எங்கும் கூடவே வருகிறது. அதைப் போக்க ஒரு வழி, ஆய்லரின் அந்தப் பெருக்கலை 24ஆம் அடுக்குக்கு உயர்த்திவிடுவது. 24 தடவை 1/24 சேர்ந்தால் முழுசாக ஒன்று. அப்படி உயர்த்தி, ஒரு ‘க’வால் பெருக்கி, விரித்து எழுதினால் வரும் கெழுக்களை ராமானுஜன் 1916இல் ஆராய்ந்தார். அவற்றுக்கு அவர் இட்ட குறி டௌ. வரிசை இப்படிப் போகிறது: 1, −24, 252, −1472, 4830, −6048.

இரண்டாம் இடத்தில் −24. மூன்றாம் இடத்தில் 252. இரண்டையும் பெருக்கினால் −6048. அது ஆறாம் இடத்தில் இருக்கிறது! இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு அல்லவா? பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்றார் ராமானுஜன். மறு வருடமே, 1917இல், மார்டெல் அதை நிரூபித்தார். இந்த எண்கள் எந்த அளவுக்குப் பெரிதாகலாம் என்பதற்கு ராமானுஜன் ஓர் எல்லை ஊகித்தார். அதை நிரூபிக்க 58 ஆண்டுகள் ஆயின. 1974இல் பெல்ஜியம் நாட்டவரான பியர் டெலின் நிரூபித்தார். அதற்குள் புதுக் கணிதமே எழுந்திருந்தது.

ராமானுஜன் இன்னொன்றும் கண்டார். அதில் 691 என்ற பகா எண் வருகிறது. ஓர் எண்ணின் காரணிகள் ஒவ்வொன்றையும் 11ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கள். அதிலிருந்து அந்த எண்ணுக்குரிய டௌவைக் கழியுங்கள். மீதமின்றி 691ஆல் வகுபடும். 2ஐ வைத்துப் பார்ப்போம். காரணிகள் 1, 2. இரண்டின் 11ஆம் அடுக்கு 2048. ஒன்றைக் கூட்டினால் 2049. அதிலிருந்து −24ஐக் கழிப்பது 24ஐக் கூட்டுவது. 2073. அது 691இன் சரியாக 3 மடங்கு. இந்த 3ஐயும் மறந்துவிடாதீர்கள்.

பீரங்கிக் குண்டுகள்

இப்போது வேறு பக்கமாக ஒரு கதை. 1875இல் எட்வார்ட் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் ஒரு புதிர் போட்டார். பீரங்கிக் குண்டுகளைச் சதுரச் சதுரமாக அடுக்கிக் கோபுரம் கட்டுகிறோம். உச்சியில் 1, அதன் கீழ் 4, அதன் கீழ் 9, அதன் கீழ் 16. கோபுரத்தைக் கலைத்து, எல்லாக் குண்டுகளையும் தரையில் ஒரே சதுரமாகப் பரப்ப முடியுமா? ஒரே ஒரு குண்டு என்றால் முடியும். அதில் சுவை இல்லை. வேறு எத்தனை அடுக்குக்கு முடியும்? 24 அடுக்குக்கு முடியும். 1இலிருந்து 24 வரைக்கும் உள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 4900. அது 70இன் வர்க்கம். வேறு எந்த அடுக்குக்கும் முடியாது என்றார் லூக்கா. ஆனால் அவரால் நிரூபிக்க முடியவில்லை.

1918இல் அதை முழுமையாக நிரூபித்தவர் ஜி.என். வாட்சன். அவர் பெயரை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும். ராமானுஜனின் குறிப்பேடுகளில் கிடந்த தேற்றங்களை நிரூபிக்கும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். ராமானுஜனின் ‘தொலைந்த குறிப்பேடு’ என்று நாம் சொல்கிற தாள்கள், வாட்சன் மறைந்த பிறகு அவருடைய காகிதங்களோடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கேதான் அவற்றைக் கண்டெடுத்தார்.

லூக்காவின் புதிருக்கு 24 ஒன்றுதான் விடை என்பது வெறும் பொழுதுபோக்காகவே நெடுங்காலம் கிடந்தது. அது எங்கே பயன்பட்டது என்பதை இப்போது பார்ப்போம்.

பந்துகளும் பரிமாணங்களும்

ஒரே அளவுள்ள பந்துகள் நிறைய இருக்கின்றன. ஒரு பந்தை நடுவில் வைத்து, அதைத் தொட்டபடி எத்தனை பந்துகளைச் சுற்றி வைக்கலாம்? மேசைமேல் நாணயங்களை வைத்துப் பாருங்கள்: ஒன்றைச் சுற்றி ஆறு. அது இரு பரிமாணம். முப்பரிமாணத்தில் 12. 13 வைக்கலாமா என்று 1694இல் நியூட்டனும் கிரெகரியும் விவாதித்தார்கள். முடியாது என்பதற்கு முழு நிரூபணம் 1953இல்தான் வந்தது. நான்கு பரிமாணத்தில் விடை 24. அதை 2003இல் ஒலெக் முசின் நிரூபித்தார்.

நான்கு பரிமாணம் என்றதும் மிரள வேண்டாம். ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லத் தாளில் இரண்டு எண் போதும், அறையில் மூன்று எண் வேண்டும். நான்கு எண்ணால் சொன்னால் நான்கு பரிமாணம். 24 எண்ணால் சொன்னால் 24 பரிமாணம். இது கற்பனை விளையாட்டும் அல்ல. 1949இல் மார்செல் கோலே ஒரு குறியீட்டு முறை வகுத்தார். அனுப்ப வேண்டிய 12 இலக்கங்களோடு சரிபார்க்க இன்னொரு 12 இலக்கம் சேர்த்து 24 இலக்கமாக அனுப்புவது. வழியில் 3 இலக்கங்கள் சிதைந்தாலும் பெறுகிறவர் தாமே திருத்திக்கொள்ளலாம். வாயேஜர் விண்கலங்கள் 1979 முதல் 1981 வரைக்கும் வியாழனையும் சனியையும் எடுத்த வண்ணப் படங்கள் இந்த முறையில்தான் பூமிக்கு வந்தன.

அந்தக் குறியீட்டின் மேல் 1960களில் ஜான் லீச் 24 பரிமாணத்தில் ஒரு பந்து அடுக்கைக் கட்டினார். அதில் ஒவ்வொரு பந்தையும் தொட்டுக்கொண்டு 1,96,560 பந்துகள் இருக்கின்றன. அதற்கு மேல் ஒன்றுகூட வைக்க முடியாது என்று 1979இல் நிரூபணமாயிற்று. லீச்சின் இந்த அடுக்கை மிகச் சுருக்கமாக அமைத்துக் காட்ட கான்வேயும் ஸ்லோனும் 1980களில் எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? 1 முதல் 24 வரையிலான வர்க்கங்களின் கூடுதல் 70இன் வர்க்கம் என்ற உண்மையை. பீரங்கிக் குண்டுப் புதிர் நூறாண்டு கழித்து அங்கே வேலைக்கு வந்தது.

இனி, 1,96,560 என்ற எண்ணைக் கணக்கிடும் வழியைச் சொல்கிறேன். நடுப்பந்திலிருந்து ஒவ்வொரு தொலைவிலும் எத்தனை பந்துகள் உள்ளன என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. காரணிகளின் 11ஆம் அடுக்குகளைக் கூட்டுங்கள், டௌவைக் கழியுங்கள், 691ஆல் வகுங்கள், 65,520ஆல் பெருக்குங்கள். 2க்கு இதை ஏற்கெனவே பாதி செய்துவிட்டோம். 2049உடன் 24ஐக் கூட்டினால் 2073. 691ஆல் வகுத்தால் 3. அந்த 3ஐ 65,520ஆல் பெருக்குங்கள். 1,96,560! ராமானுஜன் 1916இல் எழுதிய −24, அவர் கண்ட 691, இரண்டும் சேர்ந்து 24 பரிமாணப் பந்துகளை எண்ணித் தருகின்றன. பந்து அடுக்கைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூடக் கிடையாது.

2016 மார்ச்சில் உக்ரைனைச் சேர்ந்த மரினா வியாசோவ்ஸ்கா, எட்டுப் பரிமாணத்தில் பந்துகளை மிக நெருக்கமாக அடுக்கும் வழி எது என்று நிரூபித்தார். ஒரே வாரத்தில், கோன், அபினவ் குமார், மில்லர், ராட்சென்கோ ஆகியோரோடு சேர்ந்து 24 பரிமாணத்தில் லீச்சின் அடுக்கைவிட நெருக்கமானது இல்லை என்பதையும் நிரூபித்தார். 2022இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு வந்தது. அந்த நிரூபணத்தின் கருவிகளைப் பார்த்தால், 1916 கட்டுரையில் ராமானுஜன் எழுதிய மூன்று தொடர்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே பகுதியாக, 24ஆம் அடுக்குக்கு உயர்த்திய அந்தப் பெருக்கலின் வர்க்கம் இருக்கிறது. நடுவே சரியாக நூறு ஆண்டுகள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

எண்களுக்கு ராசி பார்க்கும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுகிறார்கள். எண்ணின்மேல் நமக்குள்ள ஈர்ப்பு உண்மையானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ராசி பார்க்கிறவர் எண்ணின்மேல் வெளியிலிருந்து ஒரு பொருளை ஏற்றுகிறார். ஏன் என்று கேட்டால் அவரிடம் விடை இல்லை. 24இன் கதையில் ஒவ்வொரு படியிலும் ஏன் என்று கேட்டோம், ஒவ்வொரு படியிலும் விடை கிடைத்தது. விடை அடுத்த கேள்விக்குக் கொண்டுபோனது. ராமானுஜனைத் தெய்வ அருள் பெற்றவர் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு எளிது. அவருக்குச் செய்யும் மரியாதை அதுவல்ல. அவர் எழுதியதைப் படிப்பதும், அது ஏன் உண்மை என்று கேட்பதும்தான் மரியாதை.

ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாய்பாட்டைத் தந்து கணக்குப் போடச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நிரூபணமாவது பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்க இடம் கொடுங்கள். தேர்வில் வராது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். முந்தைய எண், பிந்தைய எண், இரண்டையும் பெருக்கு என்ற அந்த ஐந்து நிமிட நிரூபணத்தைத் தானாகக் கண்ட பிள்ளை, கணக்கைப் பார்த்து ஒருநாளும் பயப்படாது.

மாணவர்களுக்கு இரண்டு வேலை தருகிறேன். ஒன்று, இன்றிரவே முடித்துவிடலாம்: 3ஐவிடப் பெரிய இரண்டு பகா எண்களை எடுத்து, பெரியதன் வர்க்கத்திலிருந்து சிறியதன் வர்க்கத்தைக் கழியுங்கள். அது ஏன் எப்போதும் 24ஆல் வகுபடுகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். இன்னொன்றுக்கு நாள் ஆகும்: டௌ வரிசையில் எங்கேயாவது பூஜ்யம் வருமா? வராது என்று 1947இல் லேமர் ஊகித்தார். வெகு தூரம் கணக்கிட்டுப் பார்த்தும் பூஜ்யம் தட்டுப்படவில்லை. ஆனால் உதாரணங்கள் நிரூபணம் ஆகா என்பதை இன்று பார்த்தோம். இன்றுவரை அதற்கு நிரூபணம் இல்லை. கேள்வி ராமானுஜனின் மேசையிலிருந்து வந்தது. யாருடைய விடைக்காகவும் அது காத்திருக்கிறது. உங்களில் ஒருவர் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.